ரகர் விளையாடுவது வேறு, ரகரால் வாழ்வது வேறு

ஹெவ்லொக் டவுனில் நாங்கள் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தின் கீழ்த்தட்டில் ஓர் அக்கா இருக்கிறார். அவருடைய மகனுக்குப் பதினேழு வயது. பாடசாலையின் இரண்டாவது அணியில் ரகர் விளையாடுகிறான். சனிக்கிழமை மாலைகளில் காற்று இந்தப் பக்கம் வீசினால் ஹெவ்லொக் பார்க்கில் எழும் கூச்சல் எங்கள் பல்கனி வரை கேட்கும். அப்போதெல்லாம் அவன் படிக்கட்டில் தோலுரிந்த முழங்காலுடன் உட்கார்ந்து எதையோ கனவு காண்பான்.

போன மாதம் அக்கா மேலே வந்தார். "தம்பி, கனடாவில் இருக்கும் இவனுடைய மாமா சொல்கிறார், இப்போது ரகர் வீரர்களுக்குக் கோடிக்கணக்கில் சம்பளமாம், உயர்தரப் பரீட்சையெல்லாம் பிறகு பார்க்கலாமாம். தகப்பனோ, எலும்பை உடைத்துக்கொள்வதற்கு எவன் சம்பளம் கொடுப்பான் என்று கத்துகிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

மாமாவின் கணக்கும் பிழை, தகப்பனின் கணக்கும் பிழை. இருவரும் கிரிக்கெட்டைப் பார்த்துப் பழகிய கண்களால் ரகரைப் பார்க்கிறார்கள். 'தொழில்முறை வீரர்' என்ற சொல்லை நம் ஊரில் நன்றாக விளையாடுகிறவர், தொலைக்காட்சியில் வருகிறவர், கழகம் செருப்பும் பையும் கொடுத்தவர் என்று எல்லோருக்கும் சூட்டிவிடுகிறோம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அக்காவுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எந்த றக்பி?

நாளிதழ்கள் றக்பி என்று அச்சிடும், கொழும்பு வாய்க்கு அது ரகர். பக்கத்துக்குப் பதினைந்து பேர், எண்பது நிமிடம், நீள்வட்டப் பந்து. எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்தால் 'ட்ரை', அதற்கு ஐந்து புள்ளிகள். இதன் முழுப்பெயர் றக்பி யூனியன். பதின்மூன்று பேர் ஆடும் றக்பி லீக் தனி விளையாட்டு. ஏழு பேர் ஆடும் செவன்ஸ் யூனியனின் குறுவடிவம். 2016 ரியோ முதல் அது ஒலிம்பிக்கில் இருக்கிறது. இந்தக் கட்டுரை பதினைவர் யூனியனைப் பற்றியது.

யூனியனும் லீக்கும் ஏன் பிரிந்தன என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். காரணம் கூலி. வட இங்கிலாந்தில் ஆலையிலும் சுரங்கத்திலும் வேலை செய்தவர்கள் சனிக்கிழமை விளையாட வந்தால் அன்றைய கூலி போய்விடும். அந்த இழப்பை ஈடுசெய்ய அனுமதி வேண்டும் என்று அவர்களுடைய கழகங்கள் கேட்டன. கூலிக்காகக் கவலைப்படத் தேவையில்லாத கனவான்கள் மறுத்தார்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு ஹோட்டலில் கூடிய இருபதுக்கும் மேற்பட்ட கழகங்கள் பிரிந்துபோயின. அவர்கள் வழியில் வந்ததுதான் லீக்.

யூனியன் அதற்குப் பிறகு பணத்தைத் தீட்டுப்போல நடத்தியது. விளையாடியதற்காகக் காசு வாங்கியவரை வெளியே தள்ளியது. மருத்துவர்களும் பொலிஸ்காரர்களும் விவசாயிகளும் வேலை முடிந்து பயிற்சிக்குப் போய், தங்கள் நாட்டுக்காக விளையாடிவிட்டுத் திங்கட்கிழமை மறுபடி வேலைக்குப் போனார்கள். 1970களில் வேல்ஸ் அணியைத் தாங்கிய ஜே.பி.ஆர். வில்லியம்ஸ் ஒரு மருத்துவர். பின்னாளில் எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணராகவே இருந்தார். கீழ்வீட்டுத் தகப்பனுக்கு இது நல்ல செய்தி.

பணத்துக்குக் கதவு திறந்தது 1995 ஆகஸ்ட் 26 அன்று, பாரிஸில். ஹடர்ஸ்ஃபீல்ட் பிரிவுக்கு நூறு ஆண்டுகள் நிறைய மூன்று நாள் இருந்தது. ஆகவே றக்பி யூனியனில் 'தொழில்' என்பதே முப்பது வயது மட்டும் ஆன விஷயம். கிரிக்கெட், கால்பந்து ஆகியவற்றின் சம்பளப் பழக்கங்களை இதில் தேடினால் ஏமாந்துபோவோம்.

பஜனை, கச்சேரி, மேளம்

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். கோயிலில் வெள்ளிக்கிழமை பஜனை பாடுகிறவரை நினைத்துப் பாருங்கள். குரல் தேன், ஆனால் காசு வாங்குவதில்லை. இவர் அமெச்சூர்: விருப்பத்துக்காக மட்டும் செய்கிறவர்.

அடுத்தவர் வங்கியில் வேலை பார்க்கிறார். மாதத்தில் இரண்டு கச்சேரி செய்கிறார். ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை வாங்குகிறார். அந்தத் தொகை நின்றாலும் வீட்டு அடுப்பு எரியும். இவர் பகுதித் தொழில்முறையாளர்.

மூன்றாமவர் நாதஸ்வர வித்துவான். காலையில் சாதகம், மாலையில் திருவிழா. தை பிறந்தால் கல்யாணம், ஆடியில் கோயில். பல் விழுந்தாலோ மூச்சு அடைத்தாலோ வருமானம் நிற்கும். இவர்தான் தொழில்முறையாளர். பஜனைக்காரரைவிட இவர் நன்றாக வாசிக்கிறார் என்பதால் அல்ல. இவருடைய நாள் முழுவதும் அந்த வாத்தியத்துக்கு விற்கப்பட்டுவிட்டது என்பதால்.

திறமைக்கும் தொழில்முறைக்கும் நேரடி முடிச்சு இல்லை. 1995க்கு முன் ஆடிய மாபெரும் வீரர்கள் எல்லோரும் இந்த அளவுகோலில் பஜனைக்காரர்கள்.

கொழும்பின் வீரர் எந்த வகை?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் குழப்பமே இங்குதான்.

இலங்கையில் இந்த விளையாட்டு மிகப் பழையது. கண்டி விளையாட்டுக் கழகம் 1874இல் தொடங்கியது. கொழும்பில் ஹெவ்லொக் 1915இலும், லோங்டன் பிளேஸில் மைதானம் வைத்திருக்கும் சீ.ஆர். கழகம் 1922இலும் தொடங்கின. 1945 முதல் ரோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் பிராட்பி கேடயத்துக்காக மோதுகின்றன. ஓர் ஆட்டம் கொழும்பில், ஒன்று கண்டியில். இரண்டிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டி வெற்றியாளரைத் தீர்மானிக்கிறார்கள். அந்த நாள்களில் பழைய மாணவர்கள் கடல் கடந்தும் வந்து சேர்வார்கள். கழுத்துப் பட்டி, கொடி, பப்பரே வாத்தியம், வெயிலில் வற்றிய தொண்டை. பிராட்பியைக் கண்டவனுக்கு உலகக் கிண்ண இறுதிப்போட்டிகூடக் கொஞ்சம் அடக்கமாகத் தெரியும்.

இதில் ஒரு வலை இருக்கிறது. நம் ஊர் ரகர் வீரனின் புகழ் பதினெட்டு பத்தொன்பது வயதில் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. பாடசாலைச் சட்டையில் இருந்தபோது பேரைச் சொல்லிக் கத்திய கூட்டம் அவன் கழகத்துக்குப் போன பிறகு பெரும்பாலும் வீட்டில் இருக்கிறது. பள்ளிக்கூட ஆரவாரத்தைப் பார்த்த பிள்ளை, இதற்கு அடுத்த படி இதைவிடப் பெரியது என்று நினைப்பது இயல்பு. அடுத்த படியோ சிறியது.

அந்தப் படியில் என்ன கிடைக்கும்? கழகம் செலவுப் படி கொடுக்கலாம், போட்டிக்கு இவ்வளவு என்று கொடுக்கலாம், கழகத்தோடு தொடர்புள்ள ஒருவர் தன் நிறுவனத்தில் வேலை கொடுக்கலாம். கடற்படை, இராணுவம், விமானப்படை, பொலிஸ் ஆகியவற்றின் அணிகளும் கழக லீக்கில் விளையாடுகின்றன. அங்கே சேரும் வீரனுக்குப் பதவி, மாதச் சம்பளம், சீருடை எல்லாம் உண்டு. ஆனால் அந்தச் சம்பளம் கடற்படை வீரனுக்கு உரியது. ரகர் அவனுக்கு வாசலைத் திறந்துவிட்ட சாவி. கச்சேரி செய்யும் வங்கிக்காரர் நினைவில் இருக்கிறாரா? அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

இதைக் குறைவாகச் சொல்லவில்லை. கிங்ஸ்வுட்டில் படித்து, கண்டிக் கழகத்துக்கும் இலங்கைக்கும் தலைமை தாங்கிய பாசில் மரிஜாவைப் போன்றவர்கள் இந்த அமைப்புக்குள்ளேயே விளையாடி நாட்டின் நினைவில் இடம்பிடித்தார்கள். முழு வாரத்தையும் றக்பிக்கு விற்று, அந்தப் பணத்தில் மட்டும் குடும்பம் நடத்துவது என்ற அர்த்தத்திலான தொழில் இங்கே பெரும்பாலானவர்களுக்குக் கிடையாது, அவ்வளவுதான்.

இதுவரை வந்தது: காசு வாங்குவது மட்டும் தொழில்முறை அல்ல. வாரம் முழுவதும் யாருக்குச் சொந்தம் என்பதே கேள்வி. நம் வீரர்களில் பெரும்பாலோர் பகுதித் தொழில்முறையாளர்கள்.

வீட்டு வாடகை மாதிரி ஓர் ஒப்பந்தம்

முழுத் தொழில் இருக்கும் இடங்கள் இங்கிலாந்து, பிரான்ஸ், அயர்லாந்து, தென்னாபிரிக்கா, நியூசிலாந்து, அவுஸ்திரேலியா, ஜப்பான் போன்றவை. அங்கே தொழிலின் அச்சாணி ஒப்பந்தம்.

கிரிக்கெட்டில் நமக்குத் தெரிந்த முதலாளி தேசியச் சபை. ஏலத்தில் எடுக்கும் அணிகள் சில வாரத்துக்கு மட்டும் வந்துபோகும் விருந்தாளிகள். றக்பியில், குறிப்பாக இங்கிலாந்திலும் பிரான்ஸிலும், தலைகீழ். ஆண்டு முழுவதும் சம்பளம் கொடுப்பது கழகம். ஏலம் என்று ஒன்று கிடையாது. கழகமும் வீரரின் முகவரும் உட்கார்ந்து பேசி, ஓராண்டு, இரண்டாண்டு, மூன்றாண்டு என்று காலம் குறித்துக் கையெழுத்திடுவார்கள். முகவர் என்பவர் வீரருக்காகப் பேரம் பேசித் தரகு வாங்குபவர்.

வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு இது உடனே புரியும். குத்தகை ஓடும் வரை வீட்டுக்காரர் அன்பானவர். கடைசி ஆறு மாதம் வந்ததும் சுவரில் ஆணி அடித்த விஷயமெல்லாம் பேச்சில் வரும். வீரரும் அப்படித்தான். ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் ஒரு தொடைத்தசைக் கிழிவு வந்தால், அந்த ஆண்டுச் சம்பளம் வந்துகொண்டிருக்கும்; புதுப்பிப்பு வராமல் போகலாம்.

பணத்துக்கு வருவோம். மாமாவின் கோடிகள் எங்கே? இங்கிலாந்தின் முதல்தரக் கழகங்களுக்குச் சம்பள உச்சவரம்பு இருக்கிறது. ஒரு கழகம் தன் வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஆண்டொன்றுக்குக் கொடுக்கக்கூடிய மொத்தத் தொகைக்குப் போட்ட எல்லை அது. கொரோனாக் காலத்துக்குப் பின் 50 லட்சம் பவுணாகக் குறைத்திருந்த அடிப்படை எல்லையை 2024இல் மறுபடி 64 லட்சம் பவுணாக உயர்த்தினார்கள். அணியில் நாற்பது பேர் என்று வைத்து வகுத்துப் பார்த்தால் தலைக்கு 1,60,000 பவுண். ரூபாயாக்கினால் மாமா சொன்ன கோடி வந்துவிடுகிறது.

ஆனால் சராசரி என்பது கல்யாணச் செலவுக் கணக்கு மாதிரி. மொத்தத் தொகையைச் சாமான்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வாழையிலைக்கும் தங்கத்துக்கும் ஒரே விலை வரும். உண்மையில் மண்டபமும் நகையும் பெரும்பங்கை விழுங்கிவிடும், மிச்சத்தில்தான் இலையும் ஐஸ்கிரீமும். கழகத்திலும் ஒரு சிலர் தங்கம். ஆட்டத்தை வழிநடத்திப் பந்தை உதைக்கும் பத்தாம் இலக்க வீரர் பொதுவாக அந்தப் பட்டியலில் இருப்பார். மூன்றாம் இலக்கக்காரரும் இருப்பார். இது பலருக்கு வியப்பு. 'ஸ்கிரம்' என்பது இரு அணிகளின் எட்டெட்டுப் பேர் தோள் கோத்துத் தள்ளும் மோதல். அதன் முன்வரிசையில் வலப்பக்கத் தூண் இவர். ட்ரை போடுவது அபூர்வம், படம் வருவது அதைவிட அபூர்வம். ஆனால் அந்த அழுத்தத்தைத் தாங்கும் உடலும் நுணுக்கமும் கொண்டவர்கள் குறைவு. அரிதாகக் கிடைப்பதற்குத்தானே விலை. இளையோரைப் பயிற்றும் கழகக் கல்விக்கூடத்திலிருந்து அப்போதுதான் ஏறிவந்த இருபது வயதுக்காரர் வாழையிலை.

இடங்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். போட்டி நாளில் இருபத்துமூன்று பேர்: பதினைந்து பேர் களத்தில், எட்டுப் பேர் மாற்று. நாற்பதில் மீதிப் பேர் சனிக்கிழமை சட்டை அணிவதில்லை. இங்கிலாந்தின் முதல்தரத்தில் பத்துக் கழகங்கள். ஒரு வாரத்தில் பத்தாம் இலக்கச் சட்டையோடு ஆட்டத்தைத் தொடங்கும் வேலை அந்த நாட்டில் அதிகபட்சம் பத்துப் பேருக்கு. கொழும்பில் நரம்பியல் நிபுணர்கள் அதைவிட அதிகம் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

ஜப்பான் வேறு மாதிரி. டொயோட்டா என்றால் நமக்கு வான். அங்கே றக்பி அணியும்கூட. 2022 ஜனவரியில் தொடங்கிய 'லீக் வன்' தொடரில் டொயோட்டா, குபோட்டா, தொஷிபா போன்ற பெருநிறுவனங்களின் அணிகள் ஆடுகின்றன. வெளிநாட்டு நட்சத்திரங்கள் முழுத் தொழில்முறை ஒப்பந்தத்தில் வருவார்கள். அதே அணியில் ஜப்பானியர் பலர் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள். நம் கடற்படை முறைக்கு இது தூரத்துச் சொந்தம். விளையாட்டு முடிந்த பிறகும் மேசையும் நாற்காலியும் காத்திருக்கும். எனக்குப் பிடித்த அமைப்பு இதுதான் என்பதை மறைக்கவில்லை.

சனிக்கிழமைக்காக ஆறு நாள்

எண்பது நிமிட ஆட்டத்தில் பந்து உண்மையில் உயிரோடு இருப்பது சுமார் முப்பத்தைந்து நிமிடம். மீதி நேரம் விசில், வரிசை, உதைக்கான ஆயத்தம். அப்படியானால் வாரம் முழுவதும் எதற்குச் சம்பளம்?

கிழமைகள் கழகத்துக்குக் கழகம் மாறும், சட்டகம் ஒன்றுதான். திங்கட்கிழமை காலை உடல் பரிசோதனை. யாருக்கு எங்கே வீக்கம் என்று பார்ப்பார்கள். பிறகு காணொளி அறை. சனிக்கிழமை செய்த தவறைப் பெரிய திரையில் போட்டு, நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி காட்டுவார்கள். பரீட்சைத் தாளை வகுப்பு முழுவதற்கும் வாசித்துக்காட்டும் ஆசிரியர் மாதிரி. செவ்வாயில் கடுமையான பயிற்சி, பாரம் தூக்கல். நடுவில் ஓர் ஓய்வுநாள். வியாழனில் வேகமான ஒத்திகை, போட்டிக்கு முதல்நாள் இலகுவான ஓட்டம். சட்டைக்குள் தோள்பட்டைகளுக்கு இடையில் ஒரு சிறிய கருவி இருக்கும். எவ்வளவு தூரம், எத்தனை முறை முழு வேகம் என்று அது கணக்கெடுக்கும். நிறையும் தூக்கமும் எழுதி வைக்கப்படும். தட்டில் எவ்வளவு சோறு என்பதும் வேலை சம்பந்தப்பட்ட விஷயம்.

நாள் முழுவதும் மோதிக்கொண்டிருப்பார்கள் என்று நினைப்பது தவறு. 2021இல் உலக றக்பி அமைப்பு வெளியிட்ட வழிகாட்டலின்படி முழு வேக மோதல் பயிற்சி வாரத்துக்கு மொத்தம் 15 நிமிடம் வரைதான். நம் பாடசாலை மைதானங்களில் ஒரு மாலையிலேயே அதைத் தாண்டிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். "முட்டி மோதினால்தான் உறுதி வரும்" என்று கரையில் நின்று கத்தும் பழைய மாணவர்கள் இந்த எண்ணைக் கேட்டுக்கொள்வது நல்லது.

சுருக்கமாக: கழகம் வாங்குவது எண்பது நிமிடத்தை அல்ல. அந்த எண்பது நிமிடத்தில் பழுதில்லாமல் நிற்கக்கூடிய உடலையும் அதைப் பேணும் ஆறு நாளையும் வாங்குகிறது.

நாட்டுச் சட்டை

நாட்டுக்கு விளையாடினால் நாடுதானே சம்பளம் கொடுக்கும்? இதற்கு நம் தேர்தல் கடமையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது பாடசாலை. தேர்தல் வந்தால் அவரை விடுவித்தாக வேண்டும். அந்தக் கடமைக்குத் தனிக் கொடுப்பனவு. முடிந்ததும் அவர் வகுப்பறைக்குத் திரும்பிவிடுவார். அதுபோல, குறித்த காலங்களில் நாட்டு அணிக்கு வீரரைக் கழகம் விடுவிக்க வேண்டும் என்பது உலக விதி.

எல்லா நாடும் இப்படி இல்லை. அயர்லாந்தும் நியூசிலாந்தும் தங்கள் முன்னணி வீரர்களைத் தேசிய அமைப்பின் நேரடி ஒப்பந்தத்தில் வைத்திருக்கின்றன. வெளிநாட்டுக் கழகத்துக்குப் போனவரை நியூசிலாந்து தன் அணிக்கு எடுப்பதில்லை. பணமா, நாட்டு அணியின் கறுப்புச் சட்டையா என்று வீரர் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தென்னாபிரிக்காவுக்கு அந்தப் பிடிவாதம் இல்லை. 2019, 2023 உலகக் கிண்ணங்களைத் தலைவராகத் தூக்கிய சியா கொலிசி இரண்டாவது கிண்ணத்துக்குப் பிறகு பாரிஸின் ரசிங் 92 கழகத்துக்குப் போனார். தலைமைப் பதவி போகவில்லை.

எந்த நாட்டுக்கு ஆடலாம் என்பதற்குக் கடவுச்சீட்டு மட்டும் போதாது. அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பெற்றோரோ பாட்டன் பாட்டியோ அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது விதி குறிக்கும் நீண்ட காலத்தை அங்கே கழித்திருக்க வேண்டும். நம்மவர் பரவிக் கிடக்கும் உலகத்தில் இது சுவையான விதி. கொழும்பில் பிறந்த ஒரு பாட்டி போதும், ரொறொன்ரோவில் வளரும் பேரன் இலங்கைக்கு விளையாடலாம்.

உடலின் கணக்கு

தவணைமுறையில் முச்சக்கரவண்டி எடுத்தவர் அதை எப்படிப் பார்த்துக்கொள்வார்? ஓடினால் வருமானம், ஓட ஓடத் தேய்மானம். கராஜில் நிற்கும் நாளிலும் தவணை நிற்காது. றக்பி வீரருக்கு அந்த வண்டி அவருடைய முழங்கால், தோள், கழுத்து. புது இயந்திரம் வாங்கிப் பொருத்த முடியாது. முப்பதுகளின் முற்பகுதியில் பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். வேல்ஸின் அலுன் வின் ஜோன்ஸ் 158 முறை நாட்டுக்காக ஆடியது விதிவிலக்கு. விதிவிலக்குகளை வைத்து வாழ்க்கையைத் திட்டமிடக்கூடாது.

முழங்காலைவிடப் பெரிய கேள்வி தலை. அடிபட்டதும் மூளை மண்டையோட்டுக்குள் குலுங்கி, அதன் வேலை தற்காலிகமாகத் தடுமாறுவதை மூளையதிர்ச்சி என்கிறோம். நினைவு தப்ப வேண்டும் என்று இல்லை. எழுந்து நின்று ஓடுகிறவருக்கும் அது இருக்கலாம். ஆகவே சந்தேகம் வந்தால் வீரரை வெளியே எடுத்து, சுமார் 12 நிமிடம் மருத்துவர் சோதிப்பார். நினைவு, சமநிலை, கேள்வி பதில் எல்லாம் பார்ப்பார்கள். 2024 முதல் உயர்மட்டப் போட்டிகளில் பல்காப்புக்குள் உணரியும் இருக்கிறது; தலை எவ்வளவு விசையோடு குலுங்கியது என்று அது கரைக்குச் செய்தி அனுப்பும்.

இந்த ஏற்பாடெல்லாம் தாமதமாக வந்தது. 2003இல் உலகக் கிண்ணத்தை வென்ற இங்கிலாந்து அணியின் இரண்டாம் இலக்க வீரர் ஸ்டீவ் தொம்சன், தனக்கு நாற்பதுகளின் தொடக்கத்திலேயே மறதிநோய் வந்துவிட்டதை 2020 டிசம்பரில் வெளியே சொன்னார். அந்தக் கிண்ணத்தை வென்ற ஆட்டமே தன் நினைவில் இல்லை என்றார். அவரும் வேறு முன்னாள் வீரர்களும் விளையாட்டை நடத்தும் அமைப்புகளுக்கு எதிராக வழக்குத் தொடுத்தார்கள்.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டுப் பையனும் அம்மாவோடு வந்து உட்கார்ந்திருந்தான். "நீ எந்த இலக்கம்?" என்று கேட்டேன். "இரண்டு" என்றான். அக்கா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

முதலாளியே மூழ்கினால்

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன். வீரர் நன்றாக இருந்தும் கழகம் விழலாம். இங்கிலாந்தில் வூஸ்டர், வாஸ்ப்ஸ் ஆகிய இரண்டு கழகங்களும் 2022இல் கடனில் மூழ்கின. லண்டன் ஐரிஷ் 2023இல். வாஸ்ப்ஸ் 1867இல் தொடங்கி, ஐரோப்பியக் கிண்ணத்தை இரண்டு முறை வென்ற கழகம். 2022இல் விழுந்த இரண்டு கழகங்களின் வீரர்களும் பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே வேலையிழந்து நின்றார்கள். சில வாரங்களுக்குள் பல பேர் ஒரே சந்தைக்கு வந்ததால் விலையும் இறங்கியது. மாமாவின் கணக்கில் இந்த வரி இல்லை.

இங்கிருந்து அங்கே

கொழும்பிலிருந்து அந்தத் தொழிலுக்குப் பாதை இருக்கிறதா? ஒற்றையடிப் பாதை. பெரிய கழகங்கள் வீரர்களைத் தேடுவது தங்கள் கல்விக்கூடங்களிலும், உலகக் கிண்ணத்தில் ஆடும் நாடுகளிலும். 1987இல் தொடங்கிய உலகக் கிண்ணத்துக்கு இலங்கை ஒருமுறைகூடத் தகுதி பெறவில்லை. 2025இல் ஆசியாவின் மேல்பிரிவில் ஹொங்கொங், தென் கொரியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றோடு விளையாடினோம். 2027 உலகக் கிண்ணத்துக்கான இடம் ஹொங்கொங்குக்குப் போனது. 2023இல் உலக றக்பி அமைப்பு இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியதும் நடந்தது. அந்த மாதிரிக் காலத்தில் பத்தொன்பது இருபது வயதில் இருந்த பையனுக்கு அந்த மாதங்களை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஆகவே பையனிடம் வேறு கேள்விகளைக் கேட்கச் சொன்னேன். கழகம் கூப்பிட்டால் எழுத்தில் கொடுப்பார்களா? காயம்பட்டால் சத்திரசிகிச்சைச் செலவு யாருடையது? கொடுப்பது சம்பளமா, படியா? சம்பளம் என்றால் ஊழியர் சேமலாப நிதி கட்டுவார்களா? வேலை தருவதாகச் சொன்னால், விளையாட்டை நிறுத்திய பிறகும் அந்த வேலை இருக்குமா? இவற்றுக்கு முகம் சுளிக்கும் கழகத்தைப் பற்றி அதுவே போதுமான தகவல்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் விளையாட்டை நிறுத்தச் சொல்லவா?" என்றார். இல்லை என்றேன். பதினேழு வயதில் இரண்டாம் இலக்கச் சட்டையைக் கழற்றச் சொல்ல எனக்கு மனம் வராது. பல்காப்பு மட்டும் நல்லதாக வாங்குங்கள் என்றேன்.

போன வாரம் படிக்கட்டில் இருவரையும் சந்தித்தேன். செவ்வாய்க்கிழமைகளில் கணக்கியல் வகுப்பும் பயிற்சியும் ஒரே நேரத்தில் வருகின்றன. பயிற்றுநரிடம் அக்காவே போய்ப் பேசி, அரை மணி நேரம் முன்னதாக விடுவிக்க ஏற்பாடு செய்திருக்கிறார். பதிலுக்குச் சனிக்கிழமை காலை மகன் அரை மணி முன்னதாகப் போக வேண்டுமாம். முகவர் இல்லாமலே நல்ல பேரம் என்றேன். பையன் வெட்கப்பட்டுக்கொண்டு, தோலுரிந்த முழங்காலைப் பையால் மறைத்தான்.